எப்ப வரும் மனே?

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு சின்ன அரச வைத்தியசாலை. கிளினிக் நாள். விடிந்து சற்று நேரத்துக்குள் வரிசை முற்றத்து வேம்பைத் தொட்டுவிட்டது. மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை நீட்டினார். உள்ளே இருந்த தம்பி கொப்பியைப் பார்த்தார், திரும்பி இறாக்கையைப் பார்த்தார்.

“அம்மா, பிரஷர் குளிசை முடிஞ்சு. துண்டு எழுதித் தாறன், வெளியில வாங்குங்க.”

“எப்ப வரும் மனே?”

“தெரியாதம்மா. மேல இருந்து வரணும்.”

அம்மா துண்டை மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பாமசிக்குப் போக ரவுணுக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் காசு, குளிசைக் காசு இரண்டையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார். பக்கத்தில் நின்ற என்னிடம், “வீட்ட கொஞ்சம் கிடக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா மாசக் கடைசி மட்டும் இழுக்கும்” என்றார். குருதி அமுக்கத்துக்கான குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவருக்குப் பக்கவாதம் எந்த நாளிலும் வரலாம். அந்த யன்னலை விட்டு நகர்ந்த பிறகும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

அந்த அம்மா ‘ஏன் இல்லை’ என்று கேட்கவில்லை, ‘எவ்வளவு வரும்’ என்றும் கேட்கவில்லை. ‘எப்ப வரும்’ என்றுதான் கேட்டார். மருந்து வழங்கலைக் கணிதமாகப் படிப்பவர்கள் எத்தனையோ சமன்பாடுகளைக் கடந்து கடைசியில் வந்து நிற்கும் கேள்வியும் இதுதான்.

முதலில் அவருடைய குளிசையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்று, ஆண்டுக்கு 365. இவ்வளவு நிச்சயமான தேவை எல்லா வியாபாரிக்கும் வாய்க்காது. ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பேர் இப்படிக் குளிசை எடுத்தால் அடுத்த மாதத் தேவையைக் கணக்கிட நாலாம் வகுப்புப் பெருக்கல் போதும். அப்படியிருந்தும் இறாக்கை வெறுமையாகிறது. தேவையில் இல்லாத குழப்பம் வருகையில் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு வைத்தியசாலையைக் கற்பனை செய்வோம். சராசரியாக நாளுக்கு 1,000 குளிசை போகிறது. சில நாள் கூடும், சில நாள் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு 200 என்று வைப்போம். ஓடர் கொடுத்தால் சரியாக 30ஆம் நாள் லொறி வந்து நிற்கும். நூற்றுக்கு 95 தடவை தட்டுப்பாடு வராமல் இருக்க, அந்த 30 நாள் தேவைக்கு மேல் எவ்வளவு கைகாவலாக வைத்திருக்க வேண்டும்? புள்ளியியல் தரும் விடை சுமார் 1,800 குளிசை. இரண்டு நாள் தேவைக்கும் குறைவு. ஓர் அலுமாரித் தட்டில் அடங்கிவிடும்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். லொறி சராசரியாக 30 நாளில்தான் வருகிறது. ஆனால் சில தடவை 20இல் வரும், சில தடவை 40இல் வரும். அந்த ஊசலாட்டத்தின் அளவு 10 நாள். கைகாவல் இருப்பு உடனே ஏறத்தாழ 16,500 ஆகிவிடுகிறது. ஒன்பது மடங்கு! நோயாளிகள் கூடவில்லை, குளிசையின் அளவு மாறவில்லை. வருகிற நாள் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இந்த ஒன்பது மடங்கு.

இதைவிடவும் வியப்பூட்டுவது அடுத்த படி. லொறியை வேகப்படுத்தி, சராசரியை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்துவிட்டோம், ஆனால் 10 நாள் ஊசலாட்டம் அப்படியே இருக்கிறது என்று வையுங்கள். கைகாவல் இருப்பில் குறைவது ஏறத்தாழ ஐம்பது குளிசை மட்டுமே. வழியில் கிடக்கும் சரக்கு பாதியாகும், அது நல்லதுதான். ஆனால் பயத்துக்காக அடுக்கி வைக்கும் சரக்கு குறையாது. வேகத்தைத் தொடாமல், ஊசலாட்டத்தை மட்டும் 10 நாளிலிருந்து 5 நாளாக்கினால் கைகாவல் ஏறத்தாழ பாதியாகிவிடும். ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று கேட்பதைவிட ‘சொன்ன நாளில் அனுப்புங்கள்’ என்று கேட்பது கணிதப்படி வலுவான கோரிக்கை.

மட்டக்களப்பாருக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தேவையில்லை. வாவி அதை எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டது. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை. நடுவே புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டி, பத்தாண்டுக்குப் பின் ஒல்லாந்தர் பிடித்த தீவு. பெரிய ஆஸ்பத்திரியும் அரச அலுவலகங்களும் வங்கிகளும் இந்தத் தீவில். நெல் விளைவதும் பாம்பு கடிப்பதும் பெரும்பாலும் அக்கரையில். கரையையும் கரையையும் இணைத்த மிதவைப் படகுக்கு எங்கள் ஊரில் பெயர் ‘பாதை’. வழியின் பெயரையே வாகனத்துக்கு வைத்த ஊர் இது. மண்முனையில் பாதையில் ஏறுகிறவர் ஒரு நாள் உடனே கடப்பார், இன்னொரு நாள் நெடுநேரம் கரையில் நிற்பார். இரவில், வெள்ளத்தில், காற்றில் கேட்கவே வேண்டாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது பயண நேரம் குறைந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறொன்றை. பயண நேரம் நிலையாகிவிட்டது. எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்ல முடிகிறது. குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்த வேறுபாடு உடம்பில் தெரியும்.

கொழும்பிலிருந்து மருந்து வரும் வழியில் இப்படி எத்தனை துறைகள்! வைத்தியசாலைகள் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்று மதிப்பீடு எழுதும். அவை மாவட்டத்தின் பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவில் சேர்ந்து, கொழும்பில் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவுக்குப் போகும். போதனா வைத்தியசாலை போன்று மத்திய அமைச்சின் கீழ் உள்ளவை நேரே கொழும்புடன் பேசும். பிறகு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் விலைமனுக் கோரும். விலைமனு, மதிப்பீட்டுக் குழு, ஒப்பந்தம், தயாரிப்பு, கப்பல், தரச்சோதனை என்று மாதங்கள் உருளும். ஒவ்வொரு படியிலும் ஒரு ஊசலாட்டம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அவை சேர்ந்துதான் அந்த யன்னலில் ‘தெரியாதம்மா’ என்ற சொல்லாகின்றன. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. அதுதான் பிழை.

தெரியாமை ஒரு நோய்போலப் பரவும். 100 பெட்டி கேட்டு 60 கிடைத்த களஞ்சியப் பொறுப்பாளர் அடுத்த தடவை 170 கேட்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் வாட்டுகளில் கிடக்கும் நோயாளிகளுக்காகத்தான் கேட்கிறார். ஆனால் மேலே இருப்பவர் 170ஐப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று நினைப்பார், அல்லது இவர் கூட்டித்தான் கேட்பார் என்று பழையபடி வெட்டுவார். எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இந்த நடத்தையைக் கணித மாதிரியாக்கினார். நுகர்வோர் முனையில் எழும் சிற்றலை, படிப்படியாக மேலே போகப் போகப் பேரலையாகும். பிற்காலத்தில் இதற்குச் ‘சாட்டை விளைவு’ என்று பெயர் விழுந்தது. கையில் சிறு அசைவு, சாட்டை நுனியில் பெரும் வீச்சு. புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் கண்டது. குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில்தான் டயப்பரை நனைத்தார்கள், தொழிற்சாலைக்கு வந்த ஓடர்களோ மேலும் கீழும் துள்ளின. பிரஷர் குளிசையும் அப்படிப்பட்ட பொருள்தான்.

இதற்கு மருந்து, உண்மையான பாவனைக் கணக்கு எல்லாப் படிக்கும் ஒரே நேரத்தில் தெரிவது. தமிழ்நாடு இந்த விடயத்தில் நம்மைவிட முன்னால் போனது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டம் தோறும் கிடங்கு வைத்தது, மாத்திரைகளைப் பட்டைகளில் அடைத்து வாங்கியது, வந்த சரக்கின் மாதிரிகளை உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியது. என் மனதைத் தொட்டது அவர்களுடைய பாஸ்புக். வங்கியில் தருவது போன்ற ஒரு புத்தகம். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதில் எழுதப்பட்டிருக்கும். எடுக்க எடுக்க மீதி குறையும். கூட்டிக் கேட்டு என்ன பயன்? தன் கணக்கில்தான் கழியும். பதுக்கிவைக்கவும் தேவையில்லை, மீதி புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. சாட்டையின் கைப்பிடியை ஒரு சின்னப் புத்தகம் பிடித்துக்கொண்டது.

தெரியாமல் அனுப்பினால் நிறைய அனுப்புவதும் தீங்காகும். 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போனபோது உலகம் மனமுருகி மருந்து அனுப்பியது. அதே அலை அடித்த இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் வந்து சேர்ந்த மருந்தை எண்ணிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 4,000 தொன் என்றார்கள். பெரும்பகுதிக்கு அந்த நாட்டு மொழியில் லேபிள் இல்லை. 600 தொன் அளவுக்கு அழிக்க வேண்டியிருந்தது. அழிப்பதற்கும் காசு வேண்டும், ஆள் வேண்டும், அந்த ஆள்கள் காயத்துக்குக் கட்டுப்போட வேண்டியவர்கள்.

இனி மறுபக்கம். அம்மாவின் குளிசை போலன்றி, தேவையே எப்போது வரும் என்று சொல்ல முடியாத மருந்துகள் உண்டு. பாம்பு விஷமுறி அப்படிப்பட்டது.

அது வரும் வழி விந்தையானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் விஷமுறி உற்பத்திக்கான நஞ்சில் பெரும்பங்கைத் தந்துவருகிறது. இருளர்கள் வயல்வரப்பில் வளையைப் பார்த்தே உள்ளே இருப்பது நாகமா, எலியா என்று அறிவார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, சில வாரம் மண்பானையில் வைத்து, சில தடவை நஞ்சு எடுத்து, பிடித்த காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைத் துளித்துளியாகக் குதிரைகளுக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடல் மாதக் கணக்கில் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதன் குருதியிலிருந்து பிரித்து, உறையவைத்து உலர்த்திய தூள், குப்பியாகி இலங்கைக்கு வருகிறது. ஆக, ‘எப்ப வரும்’ என்ற கேள்வியில் கப்பலும் விலைமனுவும் மட்டுமில்லை, குதிரையின் உடல் எடுத்துக்கொள்ளும் காலமும் இருக்கிறது. எந்த அமைச்சர் உத்தரவிட்டாலும் அது விரைவுபடாது. (இலங்கையில் அடிக்கடி கடிக்கும், மூக்குநுனி மேலே தூக்கிய சிறு குழிவிரியனுக்கு இந்தக் குப்பி வேலை செய்யாது. அந்தப் பாம்பின் நஞ்சு குதிரைக்கு ஏற்றப்படவே இல்லை.)

பெரும்போக வெட்டுக் காலத்தில் படுவான்கரையில் ஒருவருக்குக் கண்ணாடி விரியன் கடித்தால் ஒரே ஆளுக்கு 10, 20 குப்பி என்று போகும். எந்த வைத்தியசாலையில் எத்தனை குப்பி வைப்பது?

இங்கே பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் உதவிக்கு வருகிறார். அரிதாகவும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றியும் நிகழ்பவற்றுக்கு அவர் 1837இல் ஒரு விதி கண்டார். கணக்குக்காக ஒன்பது சின்ன வைத்தியசாலைகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்குச் சராசரி இரண்டு பேர் விஷமுறி தேவைப்பட்டு வருகிறார்கள். சராசரி இரண்டு என்பதால் இரண்டு பேருக்கு மட்டும் வைத்திருந்தால் மூன்றில் ஒரு மாதம் கை விரிக்க வேண்டிவரும். நூற்றுக்கு 98 மாதம் சமாளிக்க ஐந்து பேருக்கு வேண்டும். ஒன்பதுக்கும் சேர்த்து 45 பேருக்கு. அதே மருந்தை எல்லாம் புளியந்தீவில் ஒரே இடத்தில் வைத்தால்? சராசரி 18. அதே உறுதிக்கு 27 பேருக்குப் போதும். சராசரிக்கு மேலான கைகாவல் முன்பு 27, இப்போது 9. மூன்றில் ஒன்று. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று என்பதால் வந்த விகிதம் இது. ஒரு ஊரில் கூடும்போது இன்னொரு ஊரில் குறையும், சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

இந்த வர்க்கமூலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேராசிரியர் சேனக பிபிலே நினைவுக்கு வருவார். மருந்தியல் பேராசிரியரான அவரும் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் எழுதிய 1971ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது, பிபிலே அதன் முதல் தலைவரானார். நாட்டுக்குள் வந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் விலையை உடைத்தவர் என்றே அவரைப் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் இன்னொரு கொடை இருந்தது. ஒரே மருந்து ஒன்பது வணிகப் பெயரில் வந்தால் ஒன்பதுக்கும் தனித்தனிக் கைகாவல் வேண்டும். ஒரே பொதுப்பெயரில் வந்தால் மூன்றில் ஒன்று போதும். ஏழை நாட்டின் களஞ்சியத்தில் அது எவ்வளவு இடம், எவ்வளவு அந்நியச் செலாவணி! அவர் 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

கைகாவல் எவ்வளவு இருந்தாலும் தாங்காத நாளும் வரும். 2022 மார்ச்சில் பேராதனை வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்ரல் 12இல் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்றது. மருந்துத் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் இல்லாவிட்டால் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும். மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால்மாவுடன் மருந்தும் கப்பலில் வந்தது. அந்த நாள்களில் வாட்டில் வேலை செய்தவர்கள், இருக்கும் மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க நேர்ந்ததை இன்னும் கலங்கித்தான் சொல்கிறார்கள்.

புளியந்தீவுக்குத் திரும்புவோம். கணிதம் எல்லாக் குப்பியையும் தீவில் வை என்கிறது. கரடியனாற்றிலோ வவுணதீவிலோ கடிபட்டவரின் உடல், என் பக்கத்தில் வை என்கிறது. கட்டுவிரியன் தரையில் பாய் போட்டு உறங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது தெரியாது, விடியுமுன் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். அவருக்கு வர்க்கமூலம் எதற்கு?

இந்த இரண்டு கோரிக்கைகளையும் சேர்க்கும் வழியை மருத்துவமே வைத்திருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தவரின் குருதியில் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு மெல்லச் சரிப்பார்கள். கட்டியாக நின்றால் உறைதல் சரி. தண்ணீர்போல் ஓடினால் நஞ்சு உறைபொருளைத் தின்றுவிட்டது, விஷமுறி ஏற்ற வேண்டும். முதல் சுற்று ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் கழித்துத்தான் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வார்கள், ஈரல் புதிய உறைபொருளை உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும். இரண்டாம் சுற்று தேவையா என்பது அப்போதுதான் தெரியும்.

அந்த ஆறு மணி நேரம்தான் வழங்கல் சங்கிலிக்குக் கிடைக்கும் கால இடைவெளி. முதல் சுற்றுக்கு வேண்டியதை ஒவ்வொரு சின்ன வைத்தியசாலையிலும் வைத்துவிட்டு, மீதியைத் தீவில் வைக்கலாம். முதல் சுற்று ஏறத் தொடங்கும்போதே தொலைபேசி எடுத்தால் போதும். எந்த இறாக்கையில் எத்தனை குப்பி, எந்தத் திகதியில் காலாவதி என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு இருந்தால், தீவில் தட்டுப்பாடு வந்தாலும் பக்கத்து ஊரிலிருந்து வரும். வாவிக்குக் குறுக்கே இப்போது பாலம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குழாயைச் சரித்துப் பார்த்துக் குருதி ஓடுவதைக் காணும் தாதி, கட்டில் ஓரத்தில் நிற்கும் மனைவியிடம் “இன்னும் ஒரு சுற்று ஏத்தணும் அக்கா” என்பார். “மருந்து எப்ப வரும் மிஸ்?” என்று அவர் கேட்பார். “மண்முனைப் பாலம் தாண்டிட்டாம். அரை மணித்தியாலத்துக்குள்ள இஞ்ச வந்திரும்.”